விபத்துக்குப் பிறகு எந்த வண்டி: பழைய பைக்கா, ஸ்கூட்டரா, கொஞ்ச காலம் பஸ்ஸா?

எலும்பு கூடி, வாக்கரை ஓரமாக வைத்ததுமே வீட்டில் இரண்டு கட்சி உருவாகிவிடும். "இனிமே வண்டி பக்கமே போகக் கூடாது" என்று அம்மாவோ மனைவியோ சொல்வார்கள். "பயம் தெளியணும்னா உடனே எடுத்து ஓட்டிடணும்டா" என்று மச்சானும் நண்பர்களும் சொல்வார்கள். இரு தரப்பும் அக்கறையோடுதான் பேசுகிறார்கள். ஆனால் எந்தக் கால் உடைந்தது, எந்த மணிக்கட்டு இன்னும் முழுசாக மடங்கவில்லை, விபத்து எப்படி நடந்தது, தினமும் போகிற சாலை எப்படிப்பட்டது என்ற கேள்விகளை இரு தரப்புமே கேட்பதில்லை. எந்த வண்டி என்பதை முடிவு செய்ய வேண்டியது இந்தக் கேள்விகள்தான்.

எனக்கு இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து உள்ளே கம்பி வைத்தார்கள். இப்போது மறுபடியும் ஓட்டுகிறேன். வீட்டில் படுத்திருந்தபோது இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். தைரியத்தைப் பற்றி எழுதியவர்கள் நிறைய பேர் இருந்தார்கள். கணுக்கால் மேலே தூக்க வரவில்லை என்றால் கியர் போட முடியாது என்று எழுதியவர் ஒருவரும் இல்லை. அந்தக் குறைக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கால் உடைந்தவர்களில் பெரும்பாலோருக்கு முதல் சில மாதங்கள் கியர் இல்லாத ஸ்கூட்டர்தான் நல்லது. பழைய பைக்கை அதற்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மணிக்கட்டு உடைந்தவர்களுக்கு இதே பதில் பொருந்தாது. தலையில் அடிபட்டவர்களுக்கு இந்த ஒப்பீடே இப்போதைக்கு வேண்டாம்.

ஒப்பிடுவதற்கு முன்னால்

எக்ஸ்ரேயில் எலும்பு கூடியிருக்கிறது என்று டாக்டர் சொல்ல வேண்டும். வலி போய்விட்டது என்பது அதற்கு ஈடாகாது. உள்ளே கம்பியோ பிளேட்டோ இருந்தால் எலும்பு முழுசாகக் கூடும் முன்பே வலி குறைந்துவிடும், நடையும் வந்துவிடும். கம்பி வைத்த கீழ்க்கால் எலும்பு நன்றாகக் கூட நான்கிலிருந்து ஆறு மாதம் ஆவது சாதாரணம். சர்க்கரை நோய் இருந்தாலோ, சிகரெட் பிடித்தாலோ, எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தாலோ இன்னும் இழுக்கும். புத்தூர் கட்டு போட்டுக்கொண்டவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்: கட்டுப் பிரித்த பிறகு ஒரு எக்ஸ்ரே எடுத்து, எலும்பு மருத்துவர் ஒருவரிடம் காட்டிவிட்டு வண்டியைத் தொடுங்கள்.

அடுத்தது மாத்திரை. டிரமடால், பிரிகாபலின், காபாபென்டின் போன்றவை எலும்பு முறிவுக்கும் நரம்பு வலிக்கும் வழக்கமாக எழுதித் தரப்படுகின்றன. இவை தூக்கத்தையும் லேசான தலைசுற்றலையும் தரக்கூடியவை. இரவில் போட்டால் காலையிலும் மந்தம் இருக்கலாம். சீட்டை எடுத்துக்கொண்டு போய், "இதைப் போட்டுட்டு வண்டி ஓட்டலாமா?" என்று டாக்டரிடம் நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.

தலையில் ரத்தக்கசிவு இருந்தவர்கள், வலிப்பு வந்தவர்கள், வலிப்பு வராமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், திடீரென்று திரும்பினால் தலை சுற்றுகிறவர்கள் நரம்பியல் மருத்துவர் சரி என்று சொல்லும்வரை எந்த இருசக்கர வண்டியையும் தொட வேண்டாம். ஸ்கூட்டர் லேசான வண்டிதானே என்ற கணக்கு இங்கே செல்லாது.

எந்த உறுப்பு, எந்த வேலை

கியர் பைக்கில் நான்கு உறுப்புக்கும் தனித்தனி வேலை இருக்கிறது. இடது கை கிளட்ச், வலது கை ஆக்சிலேட்டரும் முன் பிரேக்கும், இடது கால் கியர், வலது கால் பின் பிரேக். ஸ்கூட்டரில் கால்களுக்கு ஓட்டும் வேலையே கிடையாது, இரண்டு பிரேக்கும் கையில். இந்த வித்தியாசத்தை வைத்துக்கொண்டு உங்கள் காயத்தைப் பாருங்கள்.

இடது கால் உடைந்தவர்கள் கியரைப் பற்றித்தான் முதலில் நினைப்பார்கள். உண்மையில் அதைவிடப் பெரிய விஷயம் ஊன்றுவது. நம் ஊரில் இடது பக்கம் ஓட்டுகிறோம். சிக்னலில் நிற்கும்போது வழக்கமாக ஊன்றுவது இடது கால்தான், ஏனென்றால் வலது பக்கம் வண்டிகள் உரசிக்கொண்டு போகும். மழைத் தண்ணீர் வடிவதற்காகச் சாலை நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழ்ந்திருக்கும், அதனால் இடது கால் இன்னும் கொஞ்சம் கீழே எட்ட வேண்டும். ஓரத்தில்தான் மண்ணும் ஜல்லியும் கிடக்கும். பலமில்லாத ஒரு காலை அந்தச் சரிவில், அந்த மண்ணில் ஊன்றி 195 கிலோ புல்லட்டைத் தாங்குவதை நினைத்துப் பாருங்கள். ஓடும் வண்டி தன் வேகத்தில் நிமிர்ந்து நிற்கும், நிற்கிற வண்டியைச் சாயாமல் உங்கள் கால்தான் தாங்க வேண்டும். திரும்பி வருகிறவர்கள் பயப்படுவது வேகத்துக்கு. சாய்வதோ பெட்ரோல் பங்க்கில், வீட்டு வாசல் சரிவில், யூ-டர்ன் பாதியில் எஞ்சின் அணைந்த நொடியில்.

கியர் விஷயத்தில் ஒரு சோதனை. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, எஞ்சினை ஆன் செய்யாமல் ஏறி உட்காருங்கள். வழக்கமாகப் போடும் ஷூவைப் போட்டுக்கொள்ளுங்கள். கியர் லிவருக்கு அடியில் பாதத்தை நுழைத்துக் கணுக்காலை மட்டும் மேலே தூக்கிப் பாருங்கள். நான் இதைச் செய்தபோது கணுக்கால் அசையவில்லை, அதற்குப் பதிலாக முழங்காலும் தொடையும் சேர்ந்து மொத்தக் காலும் ஃபுட்ரெஸ்ட்டை விட்டு எழும்பியது, இடுப்பு வலது பக்கம் சாய்ந்தது. நின்ற வண்டியில் இதன் ஆபத்து தெரியாது. ஓடும்போது ஒவ்வொரு கியருக்கும் உடம்பு இப்படிச் சாய்ந்தால் ஹேண்டிலும் கூடவே ஆடும். முன்னும் பின்னும் மிதி உள்ள ஹீல்-டோ லிவர் வண்டியில் பாதத்தால் தூக்காமல், விரல் பக்கமும் குதிகாலும் மிதித்தே கியர் மாற்றலாம். ஸ்பிளெண்டர் மாதிரி வண்டிகளில் அது ஏற்கெனவே இருக்கும். அது பாதி உதவி. கணுக்காலைச் சரிசெய்ய வேண்டியது பிசியோதான்.

வலது கால் உடைந்தவர்களுக்குச் சிக்கல் வேறு. பின் பிரேக் மிதிக்கும் பாதத்துக்கு பலம் மட்டும் போதாது, அளவும் தெரிய வேண்டும். மரத்துப்போன பாதம் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை உணராது. ஒன்று பிரேக் பிடிக்காது, இல்லையென்றால் பின் சக்கரம் லாக் ஆகி வழுக்கும். வலது கால் முறிந்தவர்கள் கார் பிரேக்கை மிதிக்கும் வேகத்தை அளந்த ஆய்வுகள் உண்டு. காலில் எடை ஊன்றத் தொடங்கி ஆறு வாரம் போன பிறகுதான் அவர்களுக்குப் பழைய வேகம் திரும்பியது. பைக்குக்கும் குறைந்தபட்சம் அந்தப் பொறுமையாவது வேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடியில் வண்டி சுமார் 17 மீட்டர் ஓடிவிடுகிறது. கால் அரை நொடி தாமதித்தால் 8 மீட்டர் போய்விட்டது. ஒரு நாய் குறுக்கே வந்தால் அந்த 8 மீட்டர்தான் எல்லாமே.

இடது மணிக்கட்டு உடைந்தவர்களுக்கு ஸ்கூட்டர் என்றதும் "கிளட்ச் இல்லை, அப்பாடா" என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். 125 சிசி வரையுள்ள வண்டிகளில் சிபிஎஸ் என்ற கூட்டு பிரேக் 2019 ஏப்ரலிலிருந்து கட்டாயம் (சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருந்தால் தேவையில்லை). சிபிஎஸ் உள்ள ஸ்கூட்டரில் இடது லிவரைப் பிடித்தால் இரண்டு சக்கரத்துக்கும் பிரேக் போகும். போதாததற்கு அது கேபிளால் இழுக்கும் டிரம் பிரேக். லிவர் பைக் டிஸ்க் லிவரைவிடக் கனமாக இருக்கும். என் அண்ணிக்கு இடது மணிக்கட்டு உடைந்து கூடிய பிறகு, சமையலறையில் குக்கர் மூடியைத் திருகித் திறக்க முடிந்தது, ஆனால் ஸ்கூட்டர் இடது பிரேக்கை முழுசாக அழுத்தும்போது கட்டைவிரல் அடியில் சுருக்கென்று குத்தியது. கடைசியில் முன்னால் டிஸ்க் உள்ள மாடலாகப் பார்த்து மாற்றினார். வலது கை லேசாகப் பிடித்தாலே முன் பிரேக் கேட்கிறது, இடது கைக்குப் பாரம் குறைந்தது.

காறை எலும்பு, அதாவது கழுத்துக்கும் தோளுக்கும் நடுவிலிருக்கும் எலும்பு உடைந்தவர்கள் இந்தப் பட்டியலில் சீக்கிரம் தேறுகிறவர்கள். அவர்களுக்கு எந்த வண்டி என்பது பெரிய கேள்வி இல்லை. தோளில் பை மாட்டக் கூடாது, தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்க வர வேண்டும், குழியில் இறங்கினால் தோள் தாங்க வேண்டும். அவ்வளவுதான்.

பழைய பைக்கே வேண்டும் என்றால்

அதன் சாதகம் பழக்கம். எங்கே கிளட்ச் பிடிக்கும், எவ்வளவு சாய்ந்தால் எப்படித் திரும்பும் என்று கை காலுக்கே தெரியும். புது வண்டியில் இதை மறுபடி கற்க வேண்டும். காயத்தோடு சேர்த்துப் புதிதாக ஒன்றைக் கற்பதும் சுமைதான். இதை ஸ்கூட்டர் கட்சிக்காரர்கள் கொஞ்சம் குறைத்துப் பேசுகிறார்கள்.

ஆனால் விபத்தில் உங்களோடு சேர்ந்து அந்த வண்டியும் அடிபட்டிருக்கிறது. இன்ஷூரன்ஸில் பெயின்ட், டேங்க், ஹெட்லைட் எல்லாம் மாற்றி பளபளவென்று வந்து நிற்கும். உள்ளே வளைந்தது வளைந்தபடியே இருக்கலாம். எடுத்து ஓட்டும் முன் பழகிய மெக்கானிக் ஒருவரிடம் இதைச் செய்யச் சொல்லுங்கள். சக்கரங்களின் உயரத்தில் ஒரு நூலை இழுத்துப் பிடித்து, பின் டயரின் இரு ஓரமும் நூலில் படும்படி வைத்து, முன் டயர் நேராக இருக்கிறதா என்று பார்ப்பார். அதே போல் மறுபக்கமும் பிடிப்பார். இரண்டு பக்கமும் இடைவெளி ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் கூடுதலாக இருந்தால் ஃபோர்க்கோ, அதைப் பிடித்திருக்கும் 'டீ' என்ற பாகமோ, சேஸிஸோ வளைந்திருக்கிறது. அப்புறம் முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாக இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பார். நடுவில் லேசாக ஒரு இடத்தில் கவ்வினால் கோன்செட், அதாவது ஹேண்டில் திரும்பும் பேரிங், போய்விட்டது. ரிம்மைச் சுற்றிவிட்டு கோட்டம் இருக்கிறதா என்று பார்ப்பார். செலவு பெரிதாக ஆகாது. இதைச் செய்யாமல் ஓட்டினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், நீங்கள் அதை உங்கள் பயம் என்று நினைத்துக்கொள்வீர்கள். வண்டியின் கோளாறை மனதின் கோளாறாக எண்ணிப் பல மாதம் தவிப்பது பெரிய அநியாயம்.

ஹெல்மெட்டைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விபத்தின்போது தரையில் பட்ட ஹெல்மெட் முடிந்துபோன ஹெல்மெட். உள்ளே இருக்கும் தெர்மோகோல் போன்ற நுரை ஒரு முறை நசுங்குவதற்காகவே செய்யப்பட்டது. நசுங்கியது மறுபடி உப்பாது, வெளி ஓட்டில் கீறல்கூட இல்லாமல் இருக்கலாம். ஐஎஸ்ஐ முத்திரையோடு, ஐஎஸ் 4151 என்று அச்சடித்த புதியதை வாங்குங்கள். கழுத்தில் வலி இருந்தால் கடையில் எடையைக் கேட்டுக் குறைந்ததை எடுங்கள்.

எடையின் கணக்கு இது: ஸ்பிளெண்டர் பிளஸ் 112 கிலோ, ஹன்டர் 350 சுமார் 180 கிலோ, கிளாசிக் 350 சுமார் 195 கிலோ. உங்கள் பழைய வண்டி முதல் வகை என்றால், வலது காலும் இடது காலும் சோதனையில் தேறினால், அதற்கே திரும்பலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. மூன்றாவது வகை என்றால் ஒரு படி இறங்கி வாருங்கள் என்று கெஞ்சிக் கேட்பேன். சாய்ந்துவிட்டால் தூக்குவதற்கும் அதே கால்தானே வேண்டும்.

ஸ்கூட்டர்

ஆக்டிவா, ஜூபிடர் வகை எல்லாம் 105-லிருந்து 110 கிலோவுக்குள். காலைத் தூக்கிச் சீட்டுக்கு மேலாகப் போட வேண்டியதில்லை, முன்னால் நுழைந்து உட்காரலாம். இடுப்போ தொடையோ முழங்காலோ மடங்க மறுக்கிறவர்களுக்கு இந்த ஒன்றே போதும், வேறு காரணம் தேவையில்லை. நிற்கும்போது இரண்டு காலையும் ஊன்றலாம், எந்தக் கால் நல்ல காலோ அதன் மேல் பாரத்தைப் போடலாம். கியர் யோசனை இல்லாததால் கண்ணும் மனதும் சாலைமேல் இருக்கும். விபத்துக்குப் பிறகு பதற்றத்தோடு வண்டி ஓட்டுகிறவருக்கு அது பெரிய விடுதலை.

குறைகளும் உண்டு, மறைக்க மாட்டேன். சக்கரம் சின்னது. ஆக்டிவாவில் முன்னால் 12 அங்குலம், பின்னால் 10. ஸ்பிளெண்டரில் இரண்டும் 18. பைக் தாண்டிப் போகிற குழியில் ஸ்கூட்டர் சக்கரம் இறங்கிவிடும், அந்த அதிர்ச்சி முதுகுத்தண்டுக்கு நேராக ஏறும். முதுகெலும்பில் முறிவு ஏற்பட்டவர்களுக்கு ஸ்கூட்டர் கூடாது என்றே சொல்வேன். இன்னொன்று, பைக்கில் முழங்காலால் டேங்க்கை இறுக்கிப் பிடிக்கலாம், பிரேக் அடிக்கும்போது உடம்பு முன்னால் சரியாது. ஸ்கூட்டரில் அந்தப் பிடிமானம் இல்லை, பாரம் முழுக்க மணிக்கட்டில் இறங்கும். மூன்றாவது, சென்டர் ஸ்டாண்ட். காலில் கம்பியோடு அதை மிதித்துத் தூக்க வேண்டாம். சைடு ஸ்டாண்ட் இருக்கிறது, பயன்படுத்துங்கள். பார்க்கிங் ஊழியர் திட்டினால் காலைக் காட்டுங்கள், அவரே தூக்கி வைப்பார்.

வேளச்சேரி–தாம்பரம் மாதிரியான, வண்டி ஊர்ந்து போகும் சாலைகளுக்கு ஸ்கூட்டர்தான். புறவழிச்சாலையில் லாரிகளோடு ஓட வேண்டியவர்களுக்கும், குண்டும் குழியுமான கிராமச் சாலையில் இருபது முப்பது கிலோமீட்டர் போகிறவர்களுக்கும் பெரிய சக்கரம் உள்ள லேசான பைக் மேல். இந்த இடத்தில் டிவிஎஸ் எக்ஸ்எல்லை யாரும் நினைப்பதில்லை. 90 கிலோவுக்குள்தான் எடை, கியர் கிடையாது, சக்கரம் 16 அங்குலம், கால் எளிதாகத் தரையில் எட்டும். கௌரவம் பார்க்காதவர்களுக்கு ஊர்ப்பக்கம் இதைவிட நல்ல இடைக்கால வண்டி கிடைக்காது. பழைய வண்டியாக வாங்கி, தேறியதும் பெரிய நஷ்டமில்லாமல் விற்றும்விடலாம்.

மின்சார ஸ்கூட்டர் இதன் தம்பிதான், இரண்டு வித்தியாசங்களைச் சொன்னால் போதும். ஐகியூப், சேத்தக், ஏதர் போன்றவற்றில் ரிவர்ஸ் வசதி உள்ள மாடல்கள் உண்டு. வாசல் சரிவிலிருந்து வண்டியைப் பின்னால் இழுக்கக் காலை உந்த வேண்டியதில்லை. கால் காயக்காரர்களுக்கு இது சாதாரண வசதி இல்லை. மறுபக்கம், ஆக்சிலேட்டரைத் திருகியதும் இழுவை உடனே வரும். வலது கை விறைத்திருந்தால் நினைத்ததைவிட அதிகமாகத் திருகிவிடலாம். முதல் சில வாரம் இழுவை குறைவாக இருக்கும் ஈகோ (Eco) மோடிலேயே வையுங்கள்.

நிரந்தரமாகவே கால் பலமிழந்தவர்களுக்கு, பக்கச் சக்கரம் இணைத்த ஸ்கூட்டர் இருக்கிறது. தகுதியுள்ள மாற்றுத்திறனாளிகளுக்குத் தமிழ்நாடு அரசே அதை வழங்குகிறது, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். கடையில் சக்கரம் மாட்டுவதோடு நிறுத்தாமல் ஆர்டிஓ அலுவலகத்தில் ஆர்சி-யிலும் லைசென்ஸிலும் அதைப் பதிய வேண்டும், இன்ஷூரன்ஸுக்கு அதுதான் ஆதாரம். இந்த வண்டி சாய்ந்து திரும்பாது, கார் மாதிரி ஹேண்டிலைத் திருப்பித்தான் வளைக்க வேண்டும். வளைவில் வேகம் குறையுங்கள்.

ஓட்டாமல் இருப்பது

இதைக் கோழைத்தனம் என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம், 64,105. "இனிமே வேண்டாம்" என்று அம்மா சொல்வதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது. ஒருவர் யோசித்து, "எனக்குப் போதும்" என்று முடிவெடுத்தால் அதை மதிக்க வேண்டும். சாவியைக் கையில் திணித்து "ஏறுடா" என்பது நட்பு ஆகாது.

ஆனால் இந்த வழியிலும் காலுக்கு வேலை உண்டு. சாதாரண டவுன் பஸ்ஸின் முதல் படி உயரம், கூட்டத்தில் தொங்கிக்கொண்டு நிற்க வேண்டும், டிரைவர் பிரேக் அடித்தால் காயமான கால்தான் தாங்கும். சென்னையில் 2024-இலிருந்து தாழ்தளப் பேருந்துகள் மறுபடி ஓடுகின்றன, மெட்ரோவில் லிஃப்ட் இருக்கிறது. உங்கள் வழித்தடத்தில் இவை இருந்தால் முதல் மூன்று நான்கு மாதத்துக்கு இதைவிட நல்ல வழி இல்லை. கைத்தடியைக் கொஞ்ச நாள் கூடுதலாக வைத்திருங்கள், தேவை இல்லாவிட்டாலும். தடியைப் பார்த்தால்தான் உட்கார இடம் தருகிறார்கள். சிறிய ஊரில், பஸ் ஒரு மணி நேரத்துக்கு ஒன்று வரும் இடத்தில் இந்த வழி பேச்சளவில்தான் இருக்கும். வேலையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் இரண்டு சக்கரத்தை நம்பித்தான் ஓடுகின்றன.

கார் வாங்க வசதியுள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இடது காலில் காயம் என்றால் ஆட்டோமேட்டிக் கார் நல்ல விடை. வலது காலில் காயம் என்றால் காரிலும் பிரேக் அதே காலில்தான். கார் என்பதால் சீக்கிரம் ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

விபத்து எப்படி நடந்தது என்பதையும் பாருங்கள்

மண்ணில் பிரேக் பிடித்து வழுக்கியவர், நாய் குறுக்கே வந்து விழுந்தவர், ஹெட்லைட் வெளிச்சத்தில் குழி தெரியாமல் இறங்கியவர் ஒரு வகை. இவர்களுக்குப் பயிற்சியும் நல்ல பிரேக்கும் நேரடியாக உதவும். 125 சிசிக்கு மேலுள்ள புது பைக்குகளில் 2019 முதல் ஏபிஎஸ் கட்டாயம். அதற்கு முன் வாங்கிய வண்டியில் வழுக்கி விழுந்தவர், முடிந்தால் ஏபிஎஸ் உள்ள லேசான பைக்குக்கு மாறுவது காசுக்குப் பிரயோஜனமான மாற்றம். சிங்கிள் சேனல் என்றால் முன் சக்கரத்துக்கு மட்டும், பின் சக்கரம் அப்போதும் லாக் ஆகும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சும்மா போய்க்கொண்டிருந்தவரைக் கார் வந்து இடித்தது, பஸ் இடது பக்கம் ஒதுக்கித் தள்ளியது என்றால் அது வேறு வகை. இவர்களிடம் "நல்லா பிரேக் போடக் கத்துக்கோ" என்பது புண்ணைக் கீறுவதாகும். அவர்கள் தவறு எதுவும் செய்யவில்லை என்பதே அவர்கள் பயத்தின் வேர். எதைத் திருத்தினால் மறுபடி நடக்காது என்று அவர்களுக்குப் பிடிபடுவதில்லை. இவர்களுக்கு வண்டியைவிடச் சாலையை மாற்றுவதுதான் பலன் தரும். பத்து நிமிடம் கூடினாலும் உள்தெரு வழி, கூட்ட நேரத்துக்கு அரை மணி முன்னால் கிளம்புவது, சந்திப்புகளில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் இடது பக்கத்தில் நுழையாமல் பின்னாலேயே நிற்பது.

பயந்து ஓட்டுகிறவர்கள் செய்வது ஒன்றுண்டு, அது பயத்தைவிட ஆபத்தானது. சாலையின் இடது ஓரத்துக்கே ஒட்டிக்கொண்டு 25-இல் ஊர்வார்கள். மண் அங்கேதான், நிறுத்திய காரின் கதவு திறப்பதும் அங்கேதான், ஷேர் ஆட்டோ திடீரென ஒதுங்குவதும் அங்கேதான். இன்னொரு பழக்கம், பயப்படும் பொருளையே கண் கொட்டாமல் பார்ப்பது. கண் போகிற இடத்துக்கு வண்டி போகும். குழியைப் பார்த்துவிட்டீர்களா, சரி, இப்போது குழிக்குப் பக்கத்தில் உள்ள நல்ல சாலையைப் பாருங்கள்.

பழக இடம் தேடுகிறவர்களுக்கு ஊருக்கு வெளியே மனைப்பிரிவு போட்டுத் தார்ச்சாலை போட்டிருக்கும் இடங்கள் ஞாயிறு காலையில் காலியாக இருக்கும். துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள். முதலில் எஞ்சின் அணைத்தபடி வண்டியைத் தள்ளி நடங்கள், பின்னாலும் இழுங்கள். காயமான கால் பக்கம் வண்டியை லேசாகச் சாய்த்துத் தாங்கிப் பாருங்கள். தாங்கவில்லை என்றால் அன்றைக்கு அதோடு வீட்டுக்கு வந்துவிடலாம். தாங்கினால் 20-இல் போய் நிறுத்துவது, அப்புறம் 30, அப்புறம் 40. முன் பிரேக்கைப் படக்கென்று அமுக்காமல் பிழிவது போலக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுவோம் என்று சின்ன வயதில் நமக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான், நேராக ஓடும்போது பயமில்லாமல் பிடிக்கலாம். 40-லிருந்து நல்ல தார்ச்சாலையில் பிரேக் பிடித்த பிறகு சுமார் 9, 10 மீட்டரில் நிற்க முடியும், 60-லிருந்து என்றால் அது 20 மீட்டருக்கு மேல். உங்களுக்கு எவ்வளவு ஆகிறது என்று தரையில் கோடு போட்டு நடந்து அளந்து பாருங்கள். அந்த அளவு கையில் இருந்தால் சாலையில் முன் வண்டியிடமிருந்து எவ்வளவு தள்ளிப் போக வேண்டும் என்பது தானாக வரும்.

விபத்து நடந்து ஒரு மாதம் தாண்டியும் தூக்கத்தில் திடுக்கிட்டு எழுவது, அந்தச் சத்தம் காதில் கேட்பது, அந்த இடத்தைத் தாண்டிப் போக முடியாமல் கை நடுங்குவது இருந்தால், எந்த வண்டி என்பதைத் தள்ளிவையுங்கள். இதற்கு மருத்துவம் இருக்கிறது, படிப்படியாகப் பயத்தைக் குறைக்கும் முறையும் இருக்கிறது. அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416, தமிழிலும் பேசலாம். மனநல மருத்துவரைப் பார்ப்பது எலும்பு மருத்துவரைப் பார்த்தது போலத்தான்.

வண்டிதான் சம்பளம் என்றால்

உணவு டெலிவரி, கூரியர், மருந்து விற்பனைப் பிரதிநிதி, பால் ஊற்றுகிறவர், இவர்களுக்கு மேலே சொன்ன பொறுமை எல்லாம் வசதியுள்ளவர்களின் பேச்சாகத் தோன்றும். நியாயம்தான். மூன்றாவது மாதமே கம்பியோடு வண்டி எடுக்கிறவர்கள் நம் கண் முன்னாலேயே இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல எனக்கு மூன்று விஷயம் உண்டு. பைக்கை விட்டு ஸ்கூட்டருக்கு மாறுங்கள், வாடகைக்குக் கிடைத்தாலும் சரி. முதுகில் பெட்டி மாட்டாமல் பின்சீட்டில் கட்டுங்கள், சரிவில் ஊன்றும் காலுக்கு அந்தப் பாரம் குறையும். இரவு ஷிஃப்டை எப்படியாவது தவிருங்கள். வலி மாத்திரையும் தூக்கக் கலக்கமும் எதிர் வெளிச்சமும் ஒன்றுசேரும் நேரம் அது. வண்டி உங்கள் பெயரில் இருந்தால் இன்ஷூரன்ஸில் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு சேர்ந்திருக்கிறதா என்று பாலிசியை எடுத்துப் பாருங்கள். ஆனால் அது உயிரிழப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான்; வீட்டில் படுத்திருக்கும் மாதங்களின் சம்பளத்தை அது தராது.

பின்னால் யாரை, எப்போது உட்கார வைப்பது என்று நிறைய பேர் கேட்கிறார்கள். தனியாக ஓட்டுவது முழுசாகப் பழகி, மழையிலும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்த பிறகுதான். பின்னால் 60 கிலோ ஏறினால் நிற்கும்போது ஊன்றும் காலுக்கு வரும் பாரமும் கூடும், அவர் ஏறி இறங்கும் நொடியில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அந்த இழுப்பு இடது பக்கம் வரும், ஏனென்றால் நம் ஊரில் எல்லோரும் இடது பக்கம்தான் ஏறுகிறார்கள். இடது கால் காயக்காரர்கள் முதல் ஆளாகப் பெரியவர் ஒருவரை, வண்டியில் உட்காரப் பழகியவரை ஏற்றிப் பாருங்கள். அவர் ஏறும் முன் இரண்டு காலையும் ஊன்றி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு "இப்போ ஏறுங்க" என்று சொல்லுங்கள். அவருக்கும் ஹெல்மெட் வேண்டும். குழந்தையை அதற்கும் பிறகுதான் ஏற்ற வேண்டும், முன்னால் நிற்க வைத்து ஒருபோதும் வேண்டாம்.